ஆவி பிடித்த கதை

தமிழில் சில சொற்கள் கூட்டுக் குடும்பத்துப் பெரியவர்களைப் போன்றவை. ஒருவரே எல்லோருக்கும் எல்லாமாக இருப்பார். 'ஆவி' என்ற சொல் அப்படிப்பட்டது. உயிருக்கும் அதுதான் பெயர். மூச்சுக்கும் அதுதான் பெயர். அடுப்பில் கொதிக்கும் தண்ணீரிலிருந்து எழுவதும் ஆவி. செத்துப்போனவர்கள் புளியமரத்துக்குத் திரும்பி வந்தால் அதுவும் ஆவி. மூச்சு முட்டினால் ஆவி பிடிக்க வேண்டும் என்று நம் ஜனங்கள் நினைத்ததில் ஆச்சரியமே இல்லை. போகிற ஆவியை வருகிற ஆவியால் தடுத்து நிறுத்தலாம் என்று அந்தச் சொல்லே யோசனை சொல்லிக் கொடுக்கிறது.

சென்னையிலிருந்து மேற்கே போகும் மின்சார ரயிலில் திருமுல்லைவாயிலைத் தாண்டியதும், ஆவடிக்கு முன்னால், அண்ணனூர் என்ற நிலையம் வரும். மின்சார ரயில் வண்டிகளைப் பராமரிக்கும் பணிமனை அங்கே இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டு இந்த வழியாகத்தான் போயிற்று. பக்கத்துக் கிராமத்து மக்கள் ஆவியின் சக்தியை அன்றுதான் கண்ணாரக் கண்டிருப்பார்கள். இன்று அந்த நீராவி வண்டி இல்லை. ஆனால் ஊருக்குள் இருக்கும் வீடுகளில் ஆவிக்கு இன்னும் உத்தியோகம் போகவில்லை. ஐப்பசி மழை பிடித்து, ஏரிகளில் தண்ணீர் ஏறி, மார்கழிப் பனி இறங்கியதும் வீட்டுக்கு வீடு ஒரு குழந்தைக்காவது மூக்கு அடைத்துக்கொள்கிறது. குழந்தை இரவெல்லாம் சிணுங்குகிறது. பாட்டி நொச்சி இலை எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறாள். தாயார் தைல டப்பாவைத் தேடுகிறாள். தகப்பனார் செல்போனைத் திறந்து ஆவி யந்திரங்களின் விலையைப் பார்க்கிறார்.

அவர் பார்க்கும் யந்திரங்கள் மூன்று ஜாதி. தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சூடான ஆவியை வெளியே விடுவது ஒன்று. அதை வேப்பரைஸர் என்கிறார்கள். கொதிக்கவைக்காமலே தண்ணீரைப் பனித் திவலையாக அறையில் ஊதுவது இரண்டாவது; அதற்கு ஹியூமிடிஃபையர் என்று பெயர். மூன்றாவது, மருந்தைத் திவலையாக்கி முகமூடி வழியாக உள்ளே அனுப்பும் நெபுலைஸர். இது டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மட்டுமே தொட வேண்டிய சாமான். வெறும் ஜலதோஷத்துக்கு இதில் வேலை இல்லை. மற்ற இரண்டில் எதை வாங்குவது? இந்தக் கேள்விக்குக் கடைக்காரரைவிடச் சரித்திரம் நல்ல பதில் சொல்லும் என்பது என் அபிப்பிராயம். கடைக்காரருக்கு விற்கவேண்டிய அவசியம் உண்டு. சரித்திரத்துக்கு அந்தக் கவலை கிடையாது.

நம் வீட்டுச் சரித்திரத்திலிருந்து ஆரம்பிப்போம். சித்த வைத்தியத்தில் புற மருத்துவ முறைகள் முப்பத்திரண்டு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு என்று போகிற அந்த வரிசையில் ஐந்தாவதாக வருவது வேது. நொச்சி, வேப்பிலை, துளசி இவற்றைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, போர்வையால் மூடிக்கொண்டு வியர்க்க வியர்க்க ஆவி பிடிப்பதுதான் வேது பிடித்தல். கிராமங்களில் செங்கல்லைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு ஆவி எழுப்புவதும் உண்டு. தலைபாரம் பிடித்து அவதிப்பட்ட பெரியவர்களுக்கு இது கொடுத்த ஆறுதலை யாரும் மறுக்க முடியாது. போர்வைக்குள்ளிருந்து வெளியே வரும்போது முகத்தில் ஒரு புது வெளிச்சம் வந்துவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேது பிடிப்பவருக்குத் தன் முகத்தைத் தானே விலக்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். சூடு தாங்காவிட்டால் போர்வையை விலக்கத் தெரிய வேண்டும். தொட்டில் குழந்தைக்கு இது ஒன்றும் தெரியாது. அதற்கு நம் பாட்டிமார்கள் வேறு மாதிரி செய்தார்கள்: நொச்சி இலையைத் துணியில் கட்டித் தலைமாட்டில் வைப்பார்கள், தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்கச் சொல்வார்கள், இரவில் மடியில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கொதிக்கும் பானையைத் தொட்டிலுக்கு அருகே கொண்டுபோகாத புத்தி அவர்களுக்கு இருந்தது. சாம்பிராணிப் புகையை மட்டும் அவர்கள் விடவில்லை. புகை என்பது எந்தப் பெயரில் வந்தாலும் அடைத்த மூக்குக்குப் பகை என்று இன்றைய டாக்டர்கள் சொல்கிறார்கள்.

இனிக் கடல் தாண்டிப் போவோம். இங்கிலாந்தில் பிளிமத் என்ற துறைமுகப் பட்டணத்தில் ஜான் மட்ஜ் என்று ஒரு வைத்தியர் இருந்தார். 1778-ஆம் ஆண்டில் அவர் இருமலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் தாம் கண்டுபிடித்த ஒரு பாத்திரத்தையும் வர்ணித்தார். பார்ப்பதற்கு அது மூடி போட்ட வெள்ளீயக் கூஜா. கூஜாவில் வெந்நீரை ஊற்ற வேண்டும். கைப்பிடி உள்ளீடற்றது, அதன் வழியாகக் காற்று உள்ளே நுழைந்து வெந்நீரினூடே குமிழி விட்டுக்கொண்டு வரும். மூடியில் செருகிய குழாயை வாயில் வைத்து நோயாளி அந்த ஈரக் காற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு 'இன்ஹேலர்' என்று பெயர் சூட்டியவரும் அவரே. இன்று ஆஸ்துமாக்காரர்கள் சட்டைப் பையில் வைத்திருக்கும் கருவிக்கு அந்தக் கூஜாவின் பெயர்தான் வாய்த்திருக்கிறது. இந்த ஜான் மட்ஜுக்கு ஓர் அண்ணன் உண்டு, தாமஸ் மட்ஜ் என்று பெயர், கடிகாரம் செய்கிறவர். அவரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

மூச்சின் வழியாக மருந்து கொடுக்கும் வித்தையில் நம் சென்னைப் பட்டணத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கும்பெனி ஆட்சியில் சென்னையின் தலைமை வைத்தியராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். செடி கொடிகளில் அவருக்குப் பெரும் பிரியம். இந்த ஊர் வைத்தியர்கள் ஊமத்தையின் வேரையும் தண்டையும் உலர்த்தி இடித்து, குழாயில் வைத்துப் புகையாக இழுக்கச் சொல்லி இரைப்பு நோயைத் தணிப்பதை அவர் பார்த்தார். அவர் மூலம் அந்த வழக்கத்தை அறிந்த ஜெனரல் ஜென்ட் என்பவர் 1802-ஆம் ஆண்டில் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊமத்தைச் சுருட்டுகள் மருந்துக் கடைகளில் விற்பனையாயின. ஊமத்தை கொடிய விஷம். யாரும் வீட்டில் பரீட்சை செய்ய வேண்டாம். ஆனால் அந்த விஷத்தின் சத்தை ஆராய்ந்து, அதன் வழியில் பிறந்த மருந்து ஒன்றுதான் இன்று ஆஸ்பத்திரி நெபுலைஸர்களில் ஓடுகிறது. மூச்சின் வழியே மருந்து போகும் என்ற எண்ணம் சரியானது என்பதற்கு இது சாட்சி. ஆனால் அங்கே வேலை செய்தது மருந்து. வெறும் ஆவி என்ன செய்தது என்பது வேறு கேள்வி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேல்நாட்டுக் குழந்தை அறைகளில் நீண்ட மூக்கு வைத்த ஒரு கெட்டில் குடியேறியது. குழந்தைக்குத் தொண்டை அடைத்து, நாய் குரைப்பதுபோல் இருமல் வந்தால் அதற்குக் 'குரூப்' என்று பெயர். கட்டிலைச் சுற்றித் துணியால் கூடாரம் போட்டு, கெட்டிலின் மூக்கை அதற்குள் நுழைத்து ஆவியை விடுவார்கள். அந்தக் காலத்தில் அந்தத் தொண்டை அடைப்புகளில் பல, டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான் நோயால் வந்தவை. பெற்றோர் இரவு முழுவதும் கெட்டிலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள், குழந்தைகள் செத்துக்கொண்டேயிருந்தன. 1890-களில் விஷமுறிவு மருந்து வந்த பிறகுதான் சாவு குறைந்தது. தடுப்பூசி வந்த பிறகு நோயே ஒடுங்கியது. கெட்டிலுக்கு அந்த வெற்றியில் பங்கு இல்லை. ஆனாலும் அது குழந்தை அறையை விட்டுப் போகவில்லை. ஏன் போகவில்லை என்றால், மூச்சுத் திணறும் குழந்தையின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க எந்தத் தாயாலும் முடியாது. ஏதாவது செய்தாக வேண்டும். அந்த 'ஏதாவது' என்ற ஸ்தானத்தில் கெட்டில் இருந்தது. இன்று அதே ஸ்தானத்தில் யந்திரம் இருக்கிறது.

கெட்டில் நிலைத்ததற்கு இன்னொரு காரணம் அந்த நாடுகளின் சீதோஷ்ணம். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். தண்ணீர் உறையும் குளிரில், அதாவது 0 டிகிரியில், ஒரு கன மீட்டர் காற்று எவ்வளவு முயன்றாலும் சுமார் 5 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது. அந்தக் காற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து, கணப்பு மூட்டி 20 டிகிரிக்குச் சூடேற்றினால் அதற்கு 17 கிராம் தாங்கும் சக்தி வந்துவிடுகிறது. ஆனால் இருப்பது அதே 5 கிராம்தான். வயிறு பெரிதாகிச் சோறு பழைய அளவே இருந்தால் என்ன ஆகும்? காற்றுக்குப் பசி எடுத்துவிடும். அது மரச் சாமான்களிலிருந்தும், தோலிலிருந்தும், குழந்தையின் மூக்கிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும். மூக்குச் சளி காய்ந்து பொறுக்குத் தட்டும். அங்கே அறைக்கு ஈரம் கொடுக்க ஒரு யந்திரம் வேண்டும் என்று ஒருவன் யோசித்ததில் நியாயம் இருக்கிறது.

அண்ணனூரின் மார்கழிக் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பம் சுமார் 22 டிகிரி. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எண்பதுக்கு மேல். அதே ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 16 கிராம் நீராவி இருக்கிறது. கணப்பு மூட்டிய சீமை வீட்டைப்போல் மூன்று மடங்கு! துவைத்துப் போட்ட குழந்தையின் சட்டை மூன்றாம் நாளும் ஈரம் காயாமல் கொடியில் தொங்குகிறது. அலமாரியின் பின்புறச் சுவரில் பூஞ்சை படர்கிறது. உப்பு ஜாடியில் உப்பு கசிகிறது. அந்த அறைக்குள் காசு கொடுத்து வாங்கிய ஈரத்தை இன்னும் ஊதுவது, ஐப்பசி மாதத்தில் ஆவடி ஏரிக்கு லாரியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவதற்குச் சமானம். ஏ.ஸி. வைத்த அறையில் ஈரம் குறையும் என்பது உண்மைதான். வெளியே குழாயில் சொட்டும் தண்ணீர் அறையிலிருந்து போனதுதான். அப்போதுகூட நம் ஊர் அறை, பனிநாட்டு அறையைப்போல் வறண்டுவிடுவதில்லை. ஏ.ஸி.யைச் சற்றுக் குறைத்து வைத்தாலே போதும்.

ஆவிக்குத் துணையாக வந்த தைலங்களின் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நீலகிரியில் 1843-ஆம் ஆண்டில் கேப்டன் காட்டன் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூகலிப்டஸ் மரத்தை நட்டார். விறகுப் பஞ்சம் தீர்க்க வந்த மரம், பிறகு தைலமாக வடிந்து, 'நீலகிரித் தைலம்' என்ற பெயரோடு ஒவ்வொரு தமிழ் வீட்டுப் பரணிலும் ஏறி உட்கார்ந்தது. 1893-ல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். தொழில் பிறகு சென்னைக்கு வந்தது. மயிலாப்பூரில் அவர் பெயரால் ஒரு பூங்காவே இருக்கிறது. அதே காலத்தில் அமெரிக்காவில், வட கரோலினா மாகாணத்தில், லன்ஸ்ஃபோர்டு ரிச்சர்ட்சன் என்ற மருந்துக் கடைக்காரர் கற்பூரமும் புதினாச் சத்தும் யூகலிப்டஸும் சேர்த்துக் களிம்பு ஒன்று செய்தார். அதற்கு அவர் வைத்த ஆதிப் பெயர்களில் ஒன்று 'குரூப்' இருமலின் பெயரையே தாங்கியிருந்தது. அதுதான் பின்னால் விக்ஸ் வேபோரப் ஆயிற்று. தேய்த்தால் மூக்கு திறந்ததுபோல் தோன்றும். அது குளிர்ச்சியை உணரும் நரம்புகள் செய்யும் ஜாலம். அடைப்பு அப்படியேதான் இருக்கும். பெரியவர்களுக்கு அந்த ஜாலமே போதுமானது. ஆனால் கற்பூரம் சிறு குழந்தைகளுக்கு விஷம். கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே வலிப்பு வரக்கூடும். இந்தக் களிம்பை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தடவக்கூடாது என்பது பொதுவான எச்சரிக்கை. கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தேய்க்கும் வீட்டு வைத்தியத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சரி, விஞ்ஞானம் ஆவியைப் பரீட்சை செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தது. அதுவும் நோபல் பரிசு பெற்ற ஒருவரின் துணையோடு செய்தது! பிரான்ஸ் தேசத்து ஆந்த்ரே ல்வோஃப் 1965-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். ஜலதோஷக் கிருமி மூக்கின் குளிர்ச்சியான பகுதியில் வளர்வது. சூடு பட்டால் அதன் பெருக்கம் தடைப்படும் என்பது அவருடைய வாதம். அந்த யோசனையை வைத்து, 43 டிகிரி சூடான ஈரக் காற்றை மூக்கில் செலுத்தும் யந்திரம் இஸ்ரேலில் உருவாயிற்று. முதலில் நடந்த சில பரீட்சைகளில் நல்ல பலன் தெரிந்தது. 1989-ல் இங்கிலாந்தில் செய்த பரீட்சையும் அதற்குச் சாதகமாகவே இருந்தது. மறு வருஷமே அமெரிக்காவின் கிளீவ்லாந்து டாக்டர்கள் அதே வகைப் பரீட்சையைச் செய்து, ஒரு பலனும் இல்லை என்றார்கள். இந்த வழக்கில் எல்லாச் சாட்சிகளையும் சேர்த்து விசாரித்துத் தீர்ப்பு எழுதியவர்கள் நம் நாட்டவர்கள்: சண்டீகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிலையத்து டாக்டர் மீனு சிங்கும் அவருடைய சகாக்களும். ஜலதோஷத்துக்குச் சூடான ஈரக் காற்றைச் சிபாரிசு செய்யப் போதுமான ஆதாரம் இல்லை என்பது அவர்கள் முடிவு. கெட்டிலின் சொந்த வியாதியான குரூப்புக்கும் விசாரணை நடந்தது. கனடாவின் டொரன்டோ நகரத்தில் 140 குழந்தைகளை வைத்துச் செய்த பரீட்சையின் முடிவு 2006-ல் வெளியாயிற்று. நூற்றுக்கு நூறு ஈரம் கொடுத்தாலும், நாற்பது கொடுத்தாலும் குழந்தைகளின் நிலையில் வித்தியாசம் தெரியவில்லை.

பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே என்று சமாதானம் சொல்லலாம். இங்கேதான் கதை இருளத் தொடங்குகிறது.

சூடான ஆவியில் இருக்கும் ஆபத்து எல்லோருக்கும் தெரிந்தது, தெரிந்தும் மறப்பது. 2020-ல் கொரோனா பரவியபோது உலகமெங்கும் ஆவி பிடிக்கும் வேகம் வந்தது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு, ஆவி பிடிக்கப் போய் வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகள் வழக்கத்தைவிடப் பல மடங்கு வந்து சேர்ந்தன. நம் தமிழ்நாட்டிலும் 2021 மே மாதத்தில், இரண்டாவது அலையின்போது, பொது இடங்களில் குக்கர்களை வைத்துக் குழாய் இணைத்து ஆவி கொடுத்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். அப்படிப் பொது இடங்களில் ஆவி பிடிக்க வேண்டாம் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஓர் அகலப் பாத்திரத்தில் கொதிநீர், அதன்மேல் போர்வை, போர்வைக்குள் துள்ளும் குழந்தை - இதற்குமேல் விபத்துக்கு என்ன முகூர்த்தம் வேண்டும்? கொதிக்கவைக்கும் மின்சார யந்திரமும் கவிழக்கூடியதுதான். ஆகையால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம், யந்திரம் வாங்குவதானால் குளிர் திவலை விடுவதையே வாங்கச் சொல்கிறது.

குளிர் திவலை யந்திரம் சுடாது. ஆனால் அதற்கு வேறு குணம் உண்டு. அது தண்ணீரைக் காதுக்குக் கேட்காத அதிர்வால் உடைத்துப் பொடியாக்கி அப்படியே காற்றில் எறிகிறது. கொதிக்கவைத்தால் உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும், கிருமி செத்துவிடும். இங்கே தண்ணீரில் என்ன இருக்கிறதோ அத்தனையும் குழந்தையின் மூச்சுக்குள் போகும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றினால் மறுநாள் ஜன்னல் கம்பியில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். பொடி ஜன்னலில் மட்டுமா படியும்? 2008 டிசம்பரில் சைப்ரஸ் தீவில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் இப்படி ஒரு யந்திரத்தை வைத்தார்கள். அதன் தண்ணீரில் லீஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமி வளர்ந்திருந்தது. அங்கே இருந்த 32 பச்சைக் குழந்தைகளில் ஒன்பதுக்கு நோய் தொற்றியது. அவற்றில் மூன்று இறந்துபோயின. நோய் எதுவும் இல்லாமல் பிறந்த குழந்தைகள் அவை.

அப்படியானால் தண்ணீரில் கிருமி நாசினியைக் கலந்துவிட்டால் என்ன என்று ஒரு புத்திசாலித்தனமான யோசனை தோன்றும். அது தென்கொரியாவில் தோன்றியது. அந்த நாட்டின் குளிர்காலம் வறண்டது. பல குழந்தை அறைகளில் ஹியூமிடிஃபையர் இருந்தது. யந்திரத்தின் தண்ணீரில் ஊற்றவேண்டிய கிருமி நாசினி 1994-ல் கடைக்கு வந்தது. குழந்தைக்கும் தீங்கில்லாதது என்று விளம்பரம் செய்து விற்றார்கள். நல்ல தாய்மார்கள், சுத்தத்தில் அக்கறை உள்ள தாய்மார்கள், தவறாமல் வாங்கி ஊற்றினார்கள். அந்த ரசாயனம் தோலில் பட்டால் அதிகம் கெடுதல் செய்யாது. மூச்சில் போனால் என்ன செய்யும் என்று யாரும் சரியாகப் பரீட்சித்துப் பார்க்கவில்லை. 2006-ஆம் ஆண்டு வாக்கில், குளிர்காலம் முடியும் சமயத்தில் இனம் தெரியாத நுரையீரல் நோயோடு குழந்தைகள் வருவதைச் சியோல் நகரத்துக் குழந்தை மருத்துவர்கள் கவனித்தார்கள். கிருமியைத் தேடினார்கள், அகப்படவில்லை. 2011-ல் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்ற தாய்மார்களும் அதே நோயால் விழுந்தபோதுதான் விசாரணை முடுக்கப்பட்டு, உண்மை வெளியாயிற்று. விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாகிவிட்டன என்று பின்னால் கணக்கிட்டார்கள். குழந்தையின் பக்கத்தில் தாயார் தம் கையாலேயே விஷத்தை ஊற்றியிருந்தார். எந்தக் கதாசிரியனும் இவ்வளவு கொடூரமான ஒரு முடிவை எழுதத் துணியமாட்டான்.

ஆகவே யந்திரம் வாங்குவதைப் பற்றிச் சரித்திரம் சொல்லும் பதில் மிகவும் சுருக்கமானது. நம் ஊர் ஈரக் காற்றில் அது அவசியமே இல்லை. கொதிக்கவைக்கும் யந்திரமோ, கொதிநீர்ப் பாத்திரமோ குழந்தை இருக்கும் அறைக்குள் வரவேண்டாம். நாள் முழுவதும் ஏ.ஸி. ஓடும் அறையில், அல்லது வறண்ட குளிர் ஊரில், டாக்டர் சொல்லி வாங்கத்தான் வேண்டுமென்றால் குளிர் திவலை யந்திரத்தை வாங்கலாம். அதில் சுத்திகரித்த நீர் அல்லது காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறொன்றும் ஊற்றக்கூடாது. தைலம் கூடாது, நாசினி கூடாது. தினந்தோறும் நீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவி, உலர்த்த வேண்டும். இத்தனை சிரத்தை எடுக்க முடியாதவர்கள் அந்தப் பணத்தை வேறு நல்ல காரியத்துக்குச் செலவழிக்கலாம். அடைத்த மூக்குக்கு மருந்துக் கடையில் விற்கும் உப்பு நீர்ச் சொட்டு சில ரூபாய்தான். பால் குடிப்பதற்கு முன்னால் இரண்டு சொட்டு விட்டால் குழந்தை மூச்சு வாங்காமல் குடிக்கும். துளசிச் சாற்றில் தேன் குழைத்துக் கொடுப்பவர்கள், ஒரு வயது நிறையும் வரையில் தேனை நாவில் காட்டாமல் இருக்க வேண்டும். மற்றபடி ஜலதோஷம் பத்து நாளில் தானாகவே விடைபெற்றுக்கொள்ளும்.

ஆனால் ஜலதோஷம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது சில சமயம் ஜலதோஷமாக இருப்பதில்லை. அது நிமோனியாவாக இருக்கலாம். ஆவி பிடிக்கும் வழக்கத்தில் உள்ள பெரிய அபாயம், நான் மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரியது, இதுதான்: ஏதோ செய்துவிட்டோம் என்ற திருப்தியில் ஓர் இரவு வீணாகிவிடும். அந்த ஓர் இரவில் குழந்தையின் நிலை கைமீறிப் போகலாம். இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் இல்லாத கிராமத்துத் தாய்க்கு யார் சொல்லிக் கொடுப்பது?

இதற்கு விடை கண்டவர்களில் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் முக்கியமானவர்கள். டி. செரியன், டி. ஜேகப் ஜான் முதலியோர் இருமலோடு வந்த குழந்தைகளை ஆராய்ந்து 1988-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் புது யந்திரம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. குழந்தையின் மூச்சை எண்ணினார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை நிமிஷத்துக்கு 50 தடவைக்கு மேல் மூச்சு விட்டாலோ, ஒரு வயது தாண்டிய குழந்தை 40 தடவைக்கு மேல் விட்டாலோ, நோய் நுரையீரலில் இறங்கிவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம் என்று கண்டார்கள். பப்புவா நியூ கினியிலும் வேலூரிலும் நடந்த இத்தகைய ஆராய்ச்சிகளின்மேல் உலக சுகாதார நிறுவனத்தின் விதி எழுந்தது. இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்குமேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 - இந்த எண்ணைத் தொட்டால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், ஓட வேண்டியதுதான்.

எண்ணுவது சுலபம். குழந்தை அழாமல் தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, ஒரு நிமிஷம் முழுவதும் எண்ண வேண்டும். வேண்டியது ஒரு கடிகாரம் மட்டுமே.

கடிகாரம் என்றதும் ஜான் மட்ஜின் அண்ணன் தாமஸ் மட்ஜ் ஞாபகத்துக்கு வருகிறார். கைக்கடிகாரத்தின் உள்ளே 'டிக் டிக்' என்று தட்டி அளவாக நேரத்தை விடுவிக்கும் நெம்புகோல் அமைப்பு இருக்கிறதல்லவா? அதை 1750-களில் கண்டுபிடித்தவர் அவர்தான். சாவி கொடுக்கும் கைக்கடிகாரங்களில் அந்த அமைப்பே உலகமெங்கும் நிலைத்தது. தம்பி மூச்சுக்காக ஆவிக் கூஜா செய்தார். அண்ணன் மூச்சைப் பற்றி நினைக்காமலே கடிகாரம் செய்தார். இரண்டு நூற்றாண்டு கழித்துக் கணக்குப் பார்த்தால், குழந்தைகளின் மூச்சைக் காப்பாற்றுவதில் தம்பியின் கூஜாவைவிட அண்ணனின் கடிகாரமே அதிகம் உதவியிருக்கிறது. அந்த அண்ணனுக்குத் துணையாக, விழித்திருந்து ஒரு நிமிஷம் எண்ணும் ஒரு ஜோடிக் கண்கள் இருந்தால் போதும். அவை எல்லா வீட்டிலும் இருக்கின்றன. விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.